கம்பம் நட்டால் விளக்கு எரியுமா?

புனே நகரிலிருந்து மேற்கே சென்றால் சஹ்யாத்திரி மலையடுக்கின் மடியில் முல்ஷி என்னும் பேரேரி ஒன்று காணப்படும். முளா நதியின் குறுக்கே டாட்டா நிறுவனத்தார் எழுப்பிய அணையால் உண்டானது அது. இயல்பாகக் கிழக்கே ஓடிப் பீமாவிலும், பின்னர்க் கிருஷ்ணாவிலும் கலந்து வங்கக் கடலை அடைய வேண்டிய நீர், மலையைக் குடைந்த வழியே மேற்கு நோக்கித் திருப்பப்பட்டு, சுமார் 500 மீட்டர் உயரத்தினின்று பீரா மின்னிலையத்தின் சக்கரங்கள்மேல் விழுகிறது. 1927-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் மின்சாரம் பம்பாய் நகருக்கும் அதன் ஆலைகளுக்கும் சென்றது. அணையினால் நிலமிழக்க நேர்ந்த உழவர்கள் 1921-இல் சத்தியாகிரகம் தொடங்கினர். அப்போராட்டத்தை நடத்திய பாண்டுரங்க மகாதேவ பாபட் அவர்களுக்கு ‘சேனாபதி’ என்ற பெயர் அதனாலேயே நிலைத்தது. போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. நிலத்தையும் நீரையும் தந்த மலைமக்களுக்கோ, அவற்றிலிருந்து பிறந்த ஒளி தலைக்குமேலே கம்பியில் செல்லும் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிய கதையன்று. நீலகிரியில் பைகாரா நீர்வீழ்ச்சியிலிருந்து 1932-இல் எடுக்கப்பட்ட மின்சாரமும் முதலில் கோயம்புத்தூர் ஆலைகளை நோக்கியே இறங்கிற்று. அதனால் கொங்கு நாடு வளம் பெற்றது; அதை யாரும் குறை கூறுவதற்கில்லை. எனினும், மலையூர்ப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒரு மாணவன் என்றேனும் கேட்டிருப்பான்: “நம் தலைக்கு மேலே கம்பி போகிறதே, ஐயா, நம் வீட்டில் ஏன் விளக்கு இல்லை?”

இக்கேள்விக்கு நேர்மையான விடை சொல்லியாக வேண்டும். மலைமேல் செல்லும் பெருங்கம்பியில் மின்சாரம் 1 இலட்சம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அதை 230 வோல்ட்டாக இறக்கித் தருவதற்குப் பெரிய மின்மாற்றிகளும், காப்புக் கருவிகளும், காவலரும் கொண்ட துணை மின்நிலையம் வேண்டும். 20 வீடுகளுக்காக அத்தகைய நிலையம் ஒன்றை அமைப்பது, ஒரு குடம் நீருக்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதை ஒக்கும். ஆகவே வழி வேறு: தொலைவிலுள்ள துணை மின்நிலையத்திலிருந்து 11,000 வோல்ட்டுக் கம்பி ஒன்றைக் காடுமேடு கடந்து ஊரருகே கொணர்ந்து, அங்கே சிறு மின்மாற்றி ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து வீடுகளுக்குத் தாழ்வழுத்தக் கம்பி இழுக்க வேண்டும்.

உயரழுத்தத்தை ஊர் எல்லை வரை கொண்டுவருவது ஏன் என்பதை வகுப்பறையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய அலுமினியக் கம்பியின் தடை சுமார் 1.4 ஓம் எனக் கொள்வோம். போவதும் வருவதுமாக 2.8 ஓம். மறுமுனையில் 20 வீடுகள், வீட்டுக்கு 100 வாட்டு வீதம், 2,000 வாட்டு எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் ஓடும். வழியில் இழக்கும் அழுத்தம் 24 வோல்ட்டு. ஆக, கடைசி வீட்டுக்கு எஞ்சுவது 206 வோல்ட்டே. சட்டம் அனுமதிக்கும் தாழ்வு நூற்றுக்கு 6. அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே போகலாகாது. வெறும் 100 வாட்டுக்கே இந்நிலையெனின், மாவரைக்கும் இயந்திரம் ஒன்று சேர்ந்தால் என்னாகும்? அதே 2,000 வாட்டை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது ஓர் ஆம்பியரில் ஐந்திலொரு பங்குகூட இல்லை; இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. மாணவர்கள் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுவிட்டால், மின்மாற்றி என்பது கம்பத்தில் தொங்கும் வெறும் இரும்புப் பெட்டியாக அவர்களுக்குத் தோன்றாது.

மின்மாற்றிக்கும் ஒரு விலை உண்டு. வீடுகளில் யாரும் மின்சாரம் எடுக்காத நள்ளிரவிலும் அதன் இரும்பு நெஞ்சம் சூடேறிக்கொண்டே இருக்கும். 25 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்றில் இவ்விழப்பு சுமார் 100 வாட்டு, நாளொன்றுக்கு 2.4 யூனிட். நகரத்துத் தெருவில் இது கடலில் கரைத்த பெருங்காயம். இருபதே வீடுகள், வீட்டுக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே செலவழிக்கும் மலை வாடியில், மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்வாறே வீணாகிறது. இதனுடன் காடு கடந்து வரும் கம்பியின் மேற்பார்வைச் செலவையும், மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சிற்றூருக்கு மின்சாரம் தருவது ஏன் எந்த வாரியத்துக்கும் நட்டக் கணக்காகவே முடிகிறது என்பது விளங்கும். வாரியத்தாரின் மனக் குறைபாடு என்று மட்டும் இதைக் கூறிவிடுதல் நியாயமாகாது.

நியாயமாகாததைக் கூறாமலே, குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது எண்ணிக்கை.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது மின்சாரம் எட்டிய கிராமங்கள் சுமார் 1,500 மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை சென்னை, மைசூர்ப் பகுதிகளில் இருந்தன. அங்கிருந்து தொடங்கி, 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் என்னும் கிராமத்துடன் மக்கள் வாழும் எல்லா வருவாய்க் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டன என அறிவிக்கப்பட்டது. 2017-இல் தொடங்கிய சௌபாக்கியத் திட்டத்தின் கீழ் 2022 மார்ச்சு வரை 2.86 கோடி வீடுகளுக்கு இணைப்பு வழங்கப்பட்டது. இச்சாதனையைச் சிறிதாக எண்ணுபவர், மலையேறிக் கம்பம் சுமந்தவர்களை அறியாதவர். ஆயினும், ‘மின்வசதி பெற்ற கிராமம்’ என்பதன் இலக்கணம் என்னவாயிருந்தது என்று பாருங்கள். 1997 வரை, ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எங்கேனும், எதற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும். ஒரு வயற்கிணற்றில் ஒரு பம்புசெட்டு ஓடினாலே கிராமம் முழுவதும் ஒளி பெற்றதாகக் கணக்கு. 1997-இல் மக்கள் வாழும் பகுதியில் பயன்பட வேண்டும் எனத் திருத்தினர். 2004-இல்தான் மின்மாற்றியும் கம்பியும் குடியிருப்பிலும் தலித் மக்கள் வாழும் பகுதியிலும் இருத்தல் வேண்டும், பள்ளிக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் மின்சாரம் கிடைத்தல் வேண்டும், வீடுகளில் நூற்றுக்குப் பத்தேனும் இணைப்புப் பெறுதல் வேண்டும் என்ற விதி வந்தது. நூற்றுக்குப் பத்து! தொண்ணூறு வீடு இருளில் இருக்கையில் ஊர் ஒளியில் இருக்கலாம் என்பது கணக்கியலின் விந்தை.

வீடுகளையே எண்ணிய சௌபாக்கியத் திட்டம் இவ்விந்தையைப் பெரிதும் களைந்தது உண்மை. ஆனால் வேறொரு சிக்கல் எஞ்சுகிறது. மகாராஷ்டிரத்தில் வருவாய்க் கிராமம் என்பது ஒரே குடியிருப்பன்று. நடுவே ‘காவ்டாண்’ எனப்படும் ஊர்நத்தம். அதைச் சுற்றி, ஓடைக்கு அப்பாலும் மேட்டுக்கு மேலுமாகச் சிதறிக் கிடக்கும் வாடிகளும் வஸ்திகளும். நம் நாட்டில் பட்டி, பாடி, குப்பம் என்று சொல்வதில்லையா, அதுபோல. தாய்க்கிராமத்தின் பெயரே பதிவேட்டில் இருக்கும். வாடியின் பெயர் அங்கே வாழ்பவர் வாயில் இருக்கும். கள ஊழியர் ஒருவர் தமது பகுதியின் வாடிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தாலே பல செய்திகள் வெளிப்படும்.

இனி, இணைப்பு இருந்தும் மின்சாரம் இல்லாமை. 2005-க்குப் பின் சில ஆண்டுகள் மகாராஷ்டிரம் கடுமையான மின்பற்றாக்குறையால் துன்புற்றது. 2006 ஜூனில் புனே நகரம் அதற்கொரு வழி கண்டது. நகரத்துத் தொழிற்சாலைகள் நெருக்கடி நேரங்களில் தம் சொந்த டீசல் இயந்திரங்களை ஓட்டிக்கொள்வது. அதனால் மிச்சமாகும் மின்சாரத்தை நகரத்துக்குத் தருவது. அதற்காகும் கூடுதற் செலவை நகரத்து நுகர்வோர் சிறு கட்டணமாக ஏற்பது. ஏற்பாடு அறிவுடையது; யாருடைய பங்கையும் பறிக்காதது. நகரம் மின்வெட்டிலிருந்து தப்பியது. ஆனால் அதே புனே ஜில்லாவின் சிற்றூர்களுக்கு அத்தகைய தொழிற்சாலைகளும் இல்லை, கூடுதற் கட்டணம் தரும் வலிமையும் இல்லை. விளக்கு மிகவும் வேண்டிய மாலை நேரத்தில் அவை மின்வெட்டை ஏற்றுக்கொண்டன. ஒரே கம்பியின் இரு முனைகள், இரு வேறு நாடுகள் போலாயின.

இவ்வேற்றுமையை வாதமாக அன்றி அளவாகக் காட்ட முடியும் என்று நிரூபித்ததும் புனேயில் இயங்கும் ஓர் அமைப்புத்தான் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ‘பிரயாஸ்’ எனும் அவ்வமைப்பின் எரிசக்திப் பிரிவினர், வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வைக்கத்தக்க சிறு கருவி ஒன்றைப் பயன்படுத்தினர். அது நிமிடந்தோறும் மின்னழுத்தத்தைப் பதிவு செய்து, கைப்பேசி அலைவழியே அனுப்பும். 2007-இல் சிறு அளவில் தொடங்கிய இம்முயற்சி, பின்னர்ப் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான இடங்களுக்கு விரிந்தது. பதிவுகள் யாவரும் காணுமாறு வெளியிடப்பட்டன. துணை மின்நிலையத்தில் எடுக்கும் கணக்கு, மின்சாரம் புறப்பட்டதைச் சொல்லும். அது போய்ச் சேர்ந்ததா என்பதை வீட்டுச் சுவர்தான் சொல்லும்.

தொலைவூர்களுக்குப் பெருங்கம்பி ஒன்றே கதியென்று இருந்த காலம் மாறியும்விட்டது. இதற்கும் புனே ஜில்லாவிலேயே சான்று உண்டு. ஜுன்னர் தாலுகாவில் தரேவாடி என்பது மலைமேல் 39 குடும்பங்கள் வாழ்ந்த ஒரு வாடி. 2012-இல் புனேயைச் சேர்ந்த ‘கிராம் ஊர்ஜா’ என்னும் நிறுவனம், பாஷ் நிறுவனத்தின் உதவியுடன் அங்கே 9.4 கிலோவாட்டுச் சூரிய மின்னிலையம் ஒன்றை அமைத்தது. வீட்டுக்கு வீடு ஒரு பலகையும் ஒரு விளக்கும் கொடுத்துவிட்டுச் செல்லும் வழக்கமான முறையன்று அது. ஓரிடத்தில் மின்பலகைகள், ஒரு கொட்டகையில் பாட்டரிகள், அங்கிருந்து கம்பங்களின் வழியே எல்லா வீடுகளுக்கும் 230 வோல்ட்டு மின்சாரம், வீட்டுக்கொரு மீட்டர். நிலையத்தைப் பார்த்துக்கொள்வதும் பணம் வசூலிப்பதும் ஊரார் அமைத்த அறக்கட்டளையின் பொறுப்பு.

9.4 கிலோவாட்டு என்பது 39 வீடுகளுக்கு எவ்வளவு? இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இப்பகுதியில் ஒரு கிலோவாட்டுப் பலகை, ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே 37 அல்லது 38 யூனிட். பாட்டரியிலும் மாற்றுக்கருவியிலும் கால் பங்கு கழிந்தால் 28. வீட்டுக்கு 0.7 யூனிட். சிறிதென்று தோன்றும். ஆனால் 9 வாட்டு எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிய 180 வாட்டு-மணி; தொலைக்காட்சி மூன்று மணி நேரத்துக்கு 150; சிறு மின்விசிறி ஆறு மணி நேரம் சுழல 300; கைப்பேசிக்கு 20. எல்லாம் சேர்ந்து 0.65 யூனிட். 2006-இல் வெளியான தேசியக் கிராம மின்மயக் கொள்கை, ஒரு குடும்பத்தின் இன்றியமையாத் தேவை நாளுக்கு ஒரு யூனிட் என்று வரையறுத்தது. 60 வாட்டுக் குண்டு விளக்குகள் ஆட்சி செய்த காலத்தில் அந்த ஒரு யூனிட் போதாது. இன்றோ அதற்குள் ஒரு குடும்பம் கௌரவமாக மாலைப்பொழுதைக் கழிக்கலாம். விளக்குச் செய்த விஞ்ஞானி, மின்னிலையம் கட்டிய பொறியியலாளரைக் காட்டிலும் சிற்றூர்களுக்கு அதிக உபகாரம் செய்துவிட்டார் என்றுகூடச் சொல்வேன்.

கணக்கு சராசரிக்கானது என்பதை மறக்கலாகாது. ஆனி முதல் ஆவணி முடிய சஹ்யாத்திரி முகட்டில் மேகம் விலகுவதில்லை. சூரியப் பலகையின் விளைச்சல் பாதிக்கும் கீழே போகக்கூடிய காலம் அது. பெருங்கம்பி மரம் விழுந்து அறுபடும் காலமும் அதுவே. அதாவது, இருவழியும் ஒருங்கே நலியும் பருவத்தில்தான் மலையூருக்கு விளக்கு மிகவும் வேண்டியிருக்கிறது. சூரிய ஒளியா, வாரியக் கம்பியா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவோர் ஆடி மாதத்தில் ஒருமுறை பீமாசங்கர் பக்கம் தங்கிப் பார்த்தல் நன்று. இரண்டும் வேண்டும், ஒன்று தளரும்போது மற்றொன்று தோள் கொடுக்க வேண்டும்.

நடைமுறையிலோ ஒன்று வந்தால் மற்றொன்று சாகிறது. பீகாரின் தர்ணாய் கிராமத்தில் கிரீன்பீஸ் அமைப்பினர் 2014-இல் 100 கிலோவாட்டுச் சூரிய மின்னிலையம் ஒன்றை அமைத்தனர். அங்கே மக்கள் கேட்டது ‘அசல் மின்சாரம்’ என்பது செய்தித்தாள்களில் பேசப்பட்டது. குளிர்பெட்டிக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் ஈடுகொடாத இந்த மின்சாரத்தை அவர்கள் போலி என்றே கருதினர். விரைவில் அரசாங்கத்தின் கம்பியும் வந்தது. அதன் கட்டணமும் குறைவு. சில ஆண்டுகளில் பாட்டரிகள் ஓய்ந்தன, மாற்றுவாரில்லை, நிலையத்தின் கட்டடம் மாட்டுக் கொட்டகையாயிற்று. கிராமத்தார்மீது இதில் என்ன தவறு? மலிவானதையும் வலியதையும் தேர்ந்துகொண்டனர். நகரத்தாராகிய நாமும் அதையே செய்வோம். சிறு நிலையத்தை அமைத்தபோதே, பெருங்கம்பி ஒருநாள் வரும், வந்தால் இரண்டையும் இணைப்போம் என்று எண்ணாமையே பிழை. ஊருக்குள் இழுத்த கம்பி வாரியத்தின் அளவுக்கு ஒத்ததாயிருந்தால், அதே கம்பியை இருவரும் பயன்படுத்தலாம். பகலில் மிகுந்த மின்சாரத்தை வெளியே விற்கலாம். கம்பி அறுந்த நாளில் ஊர் தன் காலில் நிற்கலாம். உத்தரப் பிரதேசத்தின் 2016-ஆம் ஆண்டுக் கொள்கை, பெருங்கம்பி வந்தபின் சிறு நிலையம் என்ன செய்யலாம் என்பதற்கு முன்கூட்டியே வழி வகுத்தது. எல்லா மாநிலங்களும் அவ்வாறு செய்தல் தகும்.

பாட்டரியைப் பற்றி ஒரு சொல். ஈய பாட்டரி ஐந்து முதல் ஏழு ஆண்டு உழைக்கும். அடிமட்டம் வரை வற்றவிட்டால் அவ்வளவும் உழைக்காது. ஆகவே, மாதந்தோறும் வசூலாகும் பணத்தில் ஒரு பகுதியை அஞ்சலகக் கணக்கில் ஒதுக்கி வைக்காத ஊர், ஆறாம் ஆண்டில் இருளுக்கே திரும்பும். திறப்பு விழாவுக்கு வருவோர் பலர். பாட்டரி மாற்றும் நாளில் வருவோர் எவருமில்லை.

பணம் ஊராரிடமே இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மயக்கம். அமெரிக்காவில் 1930-களின் நடுவில் பத்துப் பண்ணைகளுள் ஏறத்தாழ ஒன்றே மின்வசதி பெற்றிருந்தது. 1935-இல் அமைந்த கிராம மின்மய நிர்வாகம் உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடனளித்து அந்நிலையை ஒரு தலைமுறைக்குள் மாற்றிற்று. அம்முறையைப் பின்பற்றி இந்தியாவிலும் ஐந்து சங்கங்கள் தோன்றின. அவற்றுள் புனேக்கு அண்டை ஜில்லாவான அகமத்நகரில், இந்நாளைய அகில்யாநகரில், ஸ்ரீராம்பூரை நடுவாகக் கொண்ட முளா–பிரவரா சங்கம் ஒன்று. (பெயரிலுள்ள முளா, முல்ஷியின் முளா அன்று, வேறொரு நதி.) 1971-இல் விநியோகம் தொடங்கிய அச்சங்கம் 40 ஆண்டுகள் நடந்தது. வாரியத்திடம் மொத்தமாக வாங்கிய மின்சாரத்துக்குப் பணம் செலுத்த இயலாமல் பாக்கி பெருகிற்று. 2011-இல் உரிமம் முடிந்தபின் மாநில விநியோக நிறுவனமான மகாவிதரண் அப்பகுதியை ஏற்றது. கர்நாடகத்தின் ஹுக்கேரியும் தெலங்கானத்தின் சிர்சில்லாவும் அதே வேளையில் தொடங்கி நிலைத்துள்ளன. சங்கம் என்ற வடிவத்தில் குற்றமில்லை என்பது இதனால் தெளிவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி இருக்குமாயின், அதை யார் நிரப்புவது என்று முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மலை வாடியில் அவ்விடைவெளி என்றும் இருக்கும். அரசாங்கம் வெளிப்படையாக ஏற்க வேண்டிய செலவு அது.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். தொலைவூர் மின்விநியோகத்தில் இன்று குறைவது கம்பியுமன்று, பலகையுமன்று; ஊரிலேயே இருந்து அதைப் பேணும் ஒருவர். நான் சிறுவனாயிருந்த ஊரில் பியூஸ் போனால் லைன்மேன் வர இரண்டு நாளாகும். பதினாறு கிராமம் அவர் ஒருவர் தலையில். எனவே சைக்கிள் கடைக்காரர் ஒருவர், காய்ந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்த் தாமே ஏதோ செய்துவிட்டு வருவார்; விளக்கு எரியும்; ஊரே அவரை வாழ்த்தும். அவர் எந்தத் தேர்வும் எழுதியவரல்லர்; காலில் செருப்புமில்லை. ஒருநாள் அவர் கை கருகிப்போயிற்று. அதன் பின்னர் இரண்டு நாள் காத்திருப்பதே வழக்கமாயிற்று. தேவை இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் அவ்வேலையைச் செய்யத்தான் செய்வார். அவருக்குப் பயிற்சியும், கையுறையும், அதிகாரமும், கூலியும் உண்டா என்பதே கேள்வி.

மகாராஷ்டிர அரசு 2016-இல் இதை உணர்ந்து, சிறு ஊராட்சிகளில் தொழிற்பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவரைக் ‘கிராம வித்யுத் வ்யவஸ்தாபக்’காக அமர்த்தும் திட்டத்தைக் கொணர்ந்தது. எண்ணம் நல்லது, ஆனால் ஊராட்சிக்கு ஒருவர் என்றால் அவர் காவ்டாணில் இருப்பார். மழையில் ஓடை பெருகினால் வாடிக்கு வர முடியாது. வாடிக்கே ஒருவர் வேண்டும்; பியூஸ் மாற்றவும், பாட்டரிக்கு வடிநீர் ஊற்றவும், அழுத்தம் அளக்கவும், எதைத் தொடலாகாது என்பதை அறியவும் கற்றவர். மின்மாற்றிக்கு மேலே உள்ளது வாரியத்தினுடையது. கீழே உள்ளது இவருடையது என்று எல்லை வகுத்துவிட்டால் விபத்துக்கு இடமில்லை.

அவ்வொருவர் பெண்ணாக இருத்தல் நன்று என்பேன். ஜுன்னர், ஆம்பேகாவ் மலைகளிலிருந்து கூலி வேலை தேடி மக்கள் நாராயண்காவ் பக்கம் இறங்கும் மாதங்களில், ஊரில் தங்குபவர் பெரும்பாலும் மகளிரும் முதியோருமே. பயிற்சி பெற்ற இளைஞன் நகரத்தில் நல்ல சம்பளம் கண்டால் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இராஜஸ்தானத்துத் திலோனியாவில் உள்ள வெறுங்கால் கல்லூரி, எழுத்தறியாத நடுவயது மாதர்களையே சூரிய மின்கருவி பழுதுபார்ப்போராகப் பழக்கியிருக்கிறது. படிப்பில்லை என்ற சாக்கு அங்கேயே விழுந்துவிட்டது.

கள ஊழியர் கவனத்துக்கு மற்றொன்று. ‘காட்டு நிலம், ஆகவே கம்பி வராது’ என்ற விடையைப் பல வாடிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகின்றன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாழ் மக்களுக்கான 13 வகைப் பொது வசதிகளுள் மின்கம்பியையும் சேர்த்துள்ளது. ஒவ்வொரு பணிக்கும் வேண்டும் நிலம் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மேற்படாமலும் இருந்து, கிராமசபை பரிந்துரைத்தால் அனுமதி பெற வழியுண்டு. கேட்பவருக்கு இவ்விதி தெரியாமலும், மறுப்பவருக்குத் தெரிந்தும் தெரியாததுபோலவும் இருப்பதால் காலம் கழிகிறது. கிராமசபைத் தீர்மானத்தை எழுதித் தருவதற்கு ஊழியர் ஒருவரின் ஒரு பிற்பகல் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, நாளுக்கொரு வரி கோடிடுங்கள். மாலை 6 மணி முதல் 10 மணி வரை, அரைமணிக்கு ஒரு கட்டமாக எட்டுக் கட்டம். வெவ்வேறு தெருவிலும் வாடியிலும் வாழும் மாணவர் நால்வரைத் தெரிந்துகொண்டு, தத்தம் வீட்டில் விளக்கு எரிந்த கட்டத்தில் புள்ளியும், எரியாத கட்டத்தில் பெருக்கற்குறியும், மங்கலாக எரிந்தால் சிறு கோடும் இட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் நோட்டில் ஏற்றுங்கள். பிரயாஸ் கருவி நிமிடந்தோறும் செய்ததை இது அரைமணிக்கொரு முறை செய்யும். செலவு ஒரு பென்சில். மாத முடிவில் கூட்டிப் பார்க்கையில், எந்த வாடியில், எந்த நேரத்தில், எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது வெளிப்படும். மங்கல் கோடுகள் ஒரே தெருவின் கோடியில் மிகுந்திருந்தால், மேலே நாம் போட்ட 206 வோல்ட்டுக் கணக்கு அங்கே நிகழ்கிறது என்று அறியலாம். அதற்குத் தேவை புதிய மின்னிலையமன்று, மின்மாற்றியை நூறு மீட்டர் நகர்த்துவதோ தடித்த கம்பியோதான்.

2020-இல் மத்திய அரசு வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், மின்சாரம் நாள் முழுவதும் வழங்கப்படல் வேண்டும் எனவும், தரம் குறைந்தால் நுகர்வோர் இழப்பீடு பெறலாம் எனவும் கூறுகின்றன. ஆனால் ‘அடிக்கடி மின்சாரம் போகிறது’ என்ற மனுவுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்பதே விடையாக வரும். ‘ஜூலை மாதத்தில் மேல்வாடியில் இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே இத்தனை நாள் மின்சாரம் இல்லை, தேதிகள் இவை’ என்ற மனுவுக்கு அவ்வாறு விடை எழுதுவது எளிதன்று. நோட்டின் ஒரு பிரதியை மின்வாரியத்தின் உட்கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி கிராமசபையில் வாசிக்கப்படட்டும். மூலம் பள்ளியிலேயே இருக்கட்டும். தொடங்குவதற்கு ஜூன் மாதமே ஏற்றது. பள்ளியும் அப்போதுதான் திறக்கிறது, மழையும் அப்போதுதான் வருகிறது.